கண்ணாடி வாங்குபவர் கண்ணாடிக் கடையைத் தேடுவதில்லை

கேள்வி: திண்டுக்கல்லில் நான்கு வருடமாக அலங்காரக் கண்ணாடிப் பட்டறை நடத்துகிறேன். கோவையில் ஒரு பட்டறையில் தொழில் கற்றுக்கொண்டேன். பூஜை அறைக் கதவு, வாசல் கதவின் பக்கக் கண்ணாடி, ஹால் பார்ட்டிஷன், படிக்கட்டுத் தடுப்பு எல்லாவற்றுக்கும் காற்றழுத்தத்தால் பொடியை ஊதும் சாண்ட் பிளாஸ்டிங்கில் படம் செதுக்கித் தருகிறேன். ஈயப் பட்டி வைத்து வண்ணக் கண்ணாடி கோர்க்கவும் தெரியும். ஓர் உதவியாளர் இருக்கிறார். கணக்கு வழக்கை என் மனைவி பார்த்துக்கொள்கிறார். சதுர அடி 380 ரூபாய் வாங்குகிறேன். பக்கத்தில் பிரிண்ட் போட்ட கண்ணாடியையும் ஸ்டிக்கர் ஒட்டிய கண்ணாடியையும் அதில் பாதி விலைக்குக் கொடுக்கிறார்கள். இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு 18,000 ரூபாய் செலவழித்தேன். லைக் வந்தது, ஆர்டர் வரவில்லை. ஆசாரிகள் கமிஷன் கேட்கிறார்கள். ஆடி வந்தால் வியாபாரமே இல்லை. விலையைக் குறைக்கட்டுமா? கடன் வாங்கிப் பிரிண்டிங் மெஷின் போடட்டுமா? இல்லை, சின்னச் சின்னக் கண்ணாடிப் பரிசுப் பொருள் செய்து ஆன்லைனில் விற்கட்டுமா? ஓர் இன்டீரியர் டிசைனர் ஏழு மாதமாக 74,000 ரூபாய் பாக்கி வைத்திருக்கிறார். அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் அனுப்பிய போட்டோக்களையும், ஒரு கதவுக்கு ஆகும் செலவை உங்கள் மனைவி எழுதி அனுப்பிய தாளையும் பார்த்தேன். அந்தத் தாளிலிருந்தே தொடங்குகிறேன். விலையைக் குறைக்கலாமா என்ற கேள்விக்குப் பதில் அதிலேயே இருக்கிறது.

பத்துச் சதுர அடி கண்ணாடி போகும் இரட்டைக் கதவு. உங்கள் விலைக்கு 3,800 ரூபாய். அதில் கண்ணாடி 700, ஊதும்போது செதுக்காத இடத்தை மறைக்கும் ஸ்டிக்கரும் அதை வெட்டும் கூலியும் 350, பவுடரும் கரண்டும் 250, உதவியாளருக்கு அரை நாள் சம்பளம் 400, வண்டி வாடகை 250. ஆக மொத்தம் 1,950. மிச்சம் 1,850. கணக்கு இதோடு முடிந்துவிட்டது. ஆனால் அந்தக் கதவுக்காக நீங்கள் வீட்டுக்காரரை இரண்டு முறை போய்ப் பார்த்திருக்கிறீர்கள், படம் வரைந்திருக்கிறீர்கள், ஒரு முழு நாள் நின்று செதுக்கியிருக்கிறீர்கள், போய் மாட்டியும் கொடுத்திருக்கிறீர்கள். நீங்களே எழுதியபடி இரண்டரை நாள். 1,850ஐ இரண்டரையால் வகுத்தால் நாளுக்கு 740 ரூபாய். உங்கள் உதவியாளருக்கு நாள் சம்பளம் 800. பட்டறை வாடகையும் உடைந்துபோன கண்ணாடியும் இன்னும் கணக்கில் வரவே இல்லை.

இந்த நிலையில் பாதி விலைக்குப் போனால் கதவுக்குக் கிடைப்பது 1,900. கைச்செலவே 1,950. ஒவ்வொரு கதவுக்கும் ஐம்பது ரூபாய் நீங்கள் கொடுத்துவிட்டு, இரண்டரை நாள் உழைப்பையும் சும்மா கொடுப்பீர்கள். எனவே விலையைக் குறைக்காதீர்கள். இப்போது வாங்கும் விலையே உங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை.

இதில் முதலில் மாற்ற வேண்டியது சதுர அடிக் கணக்கு. நீங்கள் சதுர அடிக்கு விலை சொன்னதுமே வாடிக்கையாளர் உங்களைக் கண்ணாடி விற்பவராக எடுத்துக்கொண்டு, இன்னொரு கண்ணாடி விற்பவரின் சதுர அடி விலையோடு ஒப்பிடுகிறார். அவர் மேல் தப்பில்லை, ஒப்பிடச் சொன்னதே நீங்கள்தான். செதுக்கு வேலைக்குக் கதவுக் கணக்கில் விலை வையுங்கள். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் படங்களில் கோடு வேலை மட்டும் என்றால் ஒரு விலை. அதே படத்தில் நிழல் கொடுத்து ஆழமாகச் செதுக்கினால் ஒரு விலை. அவர்கள் வீட்டுக்கென்றே புதிதாக வரைந்து செய்தால் ஒரு விலை. உங்கள் கணக்கை வைத்துப் பார்த்தால் 4,500, 6,500, 9,000 என்று தொடங்கலாம் என்று தோன்றுகிறது. முதல் வகைக்கு வரையும் வேலை இல்லை, பேச்சும் குறைவு, ஒரு நாளில் முடிந்துவிடும். அதனால் மூன்றிலும் உங்கள் நாள் கூலி ஒழுங்காக நிற்கும். பூஜை அறைக்குத் தேக்குக் கதவு, பித்தளை மணி, கைப்பிடி என்று பல ஆயிரங்களைச் செலவு செய்கிறவர், கண்ணாடிக்கு 6,500 என்று கேட்டு எழுந்து போய்விட மாட்டார். எதற்காக அந்தப் பணம் என்று தெரியாவிட்டால்தான் போவார்.

இங்கேதான் உங்கள் தொழிலின் உண்மையான சிக்கல் வருகிறது. செதுக்கிய கண்ணாடியும் ஸ்டிக்கர் ஒட்டிய கண்ணாடியும் போன் திரையில் ஒன்றுபோலவே தெரியும். கையில் தொட்டுப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும். உங்கள் ஊர்ப் பூட்டுத் தொழிலையே பாருங்கள். கையால் செய்யும் திண்டுக்கல் பூட்டின் உறுதியைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அலிகாரிலிருந்து மெஷின் பூட்டு மலிவாக வந்து இறங்கியபோது, கடையில் நின்று விலையை மட்டும் பார்த்த வாடிக்கையாளர் அதைத்தான் எடுத்துப் போனார். தரம் உசத்தி என்பது செய்தவருக்கு மட்டும் தெரிந்திருந்தால் போதாது. வாங்குகிறவர் கையில் அது தட்டுப்பட வேண்டும்.

அதற்கு ஒரு வேலை செய்யுங்கள். பட்டறையில் வெட்டி மிஞ்சும் துண்டுகளை ஆறு அங்குலச் சதுரமாக வெட்டி, ஓரம் தேய்த்து, ஒரே தாமரைப் படத்தை மூன்று விதமாகச் செய்யுங்கள். ஒன்றில் ஸ்டிக்கர் ஒட்டியது, இன்னொன்றில் லேசாக ஊதிய கோடு வேலை, மூன்றாவதில் நிழலோடு ஆழமாகச் செதுக்கியது. மூன்றையும் ஒரு சின்னப் பெட்டியில் துணி வைத்து அடுக்கினால் அதுதான் உங்கள் விளம்பரம். விரலை வைத்துத் தடவிய எவருக்கும் நீங்கள் பேச வேண்டியதே இல்லை. ஸ்டிக்கர் துண்டின் ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பார்க்கச் சொல்லுங்கள், போதும். 18,000 ரூபாய் விளம்பரத்தில் போனதை நினைத்து வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அதில் ஒரு சிறு பங்கில் இப்படி இருபது பெட்டி செய்யலாம்.

சரி, பெட்டி யாருக்கு? உங்கள் கடிதத்தில் வாடிக்கையாளர் என்று நீங்கள் எழுதியதெல்லாம் வீட்டுக்காரரைத்தான். ஆனால் வீடு கட்டுகிறவர் யாரும் காலையில் எழுந்து அலங்காரக் கண்ணாடிக் கடை எங்கே என்று தேடுவதில்லை. அவர் ஆசாரியிடம் பூஜை அறைக்கு இரட்டைக் கதவு வேண்டும் என்கிறார். ஆசாரி கதவுச் சட்டத்தைச் செய்துவிட்டு, "கண்ணாடி நான் பார்த்துக்கறேன் சார்" என்கிறார். அந்த ஒரு வரியில் உங்கள் ஆர்டர் முடிவாகிவிடுகிறது, உங்களுக்குத் தெரியாமலேயே. ஆசாரி வழக்கமாகப் போகும் பிளைவுட் கடையில் இருக்கும் நான்கு லட்சுமி படங்களில் ஒன்று அந்தக் கதவில் ஏறிவிடும். சில வீடுகளில் ஆசாரி இருக்கும் இடத்தில் இன்ஜினியரோ மேஸ்திரியோ இருப்பார். பெரிய வீடென்றால் இன்டீரியர் டிசைனர். ஆக, உங்களுக்கு வேண்டியது திண்டுக்கல்லைச் சுற்றி முப்பது கிலோமீட்டருக்குள் நன்றாக வேலை செய்யும் ஆசாரிகளும் இன்ஜினியர்களும், மொத்தம் இருபது பேர். ஆயிரக்கணக்கில் லைக் தேவையில்லை.

ஆசாரிகள் கமிஷன் கேட்பதைக் கொஞ்சம் கசப்பாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆர்டரைக் கொண்டு வருவதும், அளவு எடுப்பதும், பீடிங் என்ற ஓரப் பட்டி அடித்து உட்கார வைப்பதும் அவர்தான். அதற்குப் பணம் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் விலையை ஏற்றி அதிலிருந்து கொடுக்கும் வழக்கம் வேண்டாம். என்றாவது ஒரு நாள் வீட்டுக்காரர் நேராக உங்களிடம் விலை கேட்பார், அன்று இருவர் பெயரும் கெடும். தொழில்காரர் விலை, வீட்டுக்காரர் விலை என்று இரண்டு பட்டியல் அச்சடித்து வையுங்கள். ஆசாரி தொழில்காரர் விலைக்கு வாங்கி வீட்டுக்காரர் விலைக்குப் போட்டுக்கொள்ளட்டும். நடுவில் உள்ளது அவருடையது, ஒளிவுமறைவு இல்லை. முன்பு சொன்ன 4,500, 6,500, 9,000 மூன்றும் தொழில்காரர் விலை என்று வைத்துக்கொள்ளுங்கள், வீட்டுக்காரர் விலை அதற்கு மேல்.

அப்புறம், ஆசாரிக்குக் கமிஷனைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. புதுமனை புகுவிழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது கண்ணாடி வரவில்லை, அல்லது வந்தது அளவு பொருந்தவில்லை, அல்லது மாட்டும்போது விரிசல் விட்டது. அந்த மூன்று நாளும் வீட்டுக்காரரின் கோபத்தைத் தாங்குவது ஆசாரி. அந்தப் பயத்தை எடுத்துவிட்டால் அவர் உங்களை விட்டு எங்கும் போக மாட்டார். அளவை நீங்களே நேரில் வந்து எடுங்கள், கதவு பாலிஷ் முடிந்த பிறகு எடுங்கள். கண்ணாடி உட்காரும் பள்ளத்தைவிட ஒவ்வொரு பக்கமும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறைவாக வெட்டுங்கள். இல்லாவிட்டால் மழைக்காலத்தில் மரம் ஊதும்போது கண்ணாடியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மாட்டும்போது உடைந்தால் அதே படத்தை ஒரு வாரத்துக்குள் கண்ணாடி விலை மட்டும் வாங்கிச் செய்து தருகிறேன் என்று எழுத்தில் கொடுங்கள். வெட்டிய ஸ்டிக்கர் படம் கம்ப்யூட்டரில் இருக்கிறது, உங்களுக்கு அது பெரிய பாரம் இல்லை. இப்படி எழுத்தில் கொடுக்கும் பட்டறையைத் தேடினாலும் கிடைப்பது கஷ்டம்.

பாதுகாப்பு பற்றியும் நீங்களாகவே முந்திக்கொண்டு பேசுங்கள். குழந்தைகள் ஓடி விளையாடும் வீட்டில் இடுப்புக்குக் கீழே வரும் பார்ட்டிஷனுக்கும் படிக்கட்டுக்கும் சாதாரணக் கண்ணாடி போடக் கூடாது, சூட்டில் உறுதியாக்கிய டஃபன்ட் அல்லது நடுவில் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட்தான் என்று சொல்லிவிடுங்கள். டஃபன்ட் உடைந்தால் கல்கண்டு அளவுத் துண்டுகளாகச் சிதறும், கத்திபோல் நீளமாகக் கிழிக்காது. ஆனால் டஃபன்ட் செய்த பிறகு அதை வெட்டவோ துளை போடவோ முடியாது, ஆழமான செதுக்கலும் முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும். இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்காரருக்கும் இன்ஜினியருக்கும் நீங்கள் சொல்ல வேண்டும். விலையைக் கூட்ட ஒரு சாக்கு என்று அவர்கள் நினைக்காதபடி, ஐஎஸ் 2553 என்ற இந்தியத் தர நிர்ணயம் இதற்கென்றே இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இப்போது எதை விற்பது என்ற கேள்வி. நீங்கள் அனுப்பிய பட்டியலில் ஏழெட்டு வேலைகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் செய்யுங்கள், ஆனால் வெளியே சொல்வது ஒன்றாக இருக்கட்டும்: பூஜை அறைக் கண்ணாடி. காரணம் எளிது. பார்ட்டிஷன் கண்ணாடியில் பூவோ மூங்கிலோ எதுவாக இருந்தாலும் சரி என்பார்கள், மலிவாகக் கிடைத்தால் போதும் என்பார்கள். பூஜை அறையில் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அங்கே எந்தச் சாமி, எந்தத் திருக்கோலம், விளக்கு எந்தப் பக்கம் என்று குடும்பமே உட்கார்ந்து பேசும். பழனி உங்களுக்குப் பக்கம். வேலும் மயிலும் கேட்டு வருகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். குலதெய்வக் கோயிலின் கோபுரத்தையோ, அந்தக் கோயிலில் இருக்கும் வேல், விளக்கு, மணி இவற்றையோ வரைந்து தருகிறேன் என்று சொல்லுங்கள். பிளைவுட் கடைப் பட்டியலில் அது கிடைக்காது. சில குடும்பங்களில் காவல் தெய்வத்தின் உருவத்தை வீட்டுக்குள் வைக்க மாட்டார்கள், அதனால் வீட்டில் மூத்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரையுங்கள். கிறிஸ்தவ வீடுகளுக்குத் திராட்சைக் கொடியும் சிலுவையும், முஸ்லிம் வீடுகளுக்கு அரபி அழகெழுத்தும் வடிவக் கோலங்களும் தனி ஆல்பமாக இருக்கட்டும். அரபி எழுத்தை மட்டும் விவரம் தெரிந்தவரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகே வெட்டுங்கள். இன்டர்நெட்டில் கிடைக்கும் ஓவியர்களின் படங்களை எடுத்து அப்படியே செதுக்க வேண்டாம், உங்கள் கையே நன்றாக இருக்கிறது.

பூஜை அறைக் கண்ணாடியில் இல்லத்தரசிகள் கேட்கும் ஒரு விஷயத்துக்கு உங்களிடம் பதில் தயாராக இருக்க வேண்டும். சொரசொரப்பான பக்கத்தில் எண்ணெய்க் கையும் கற்பூரப் புகையும் படிந்தால் துடைப்பது சிரமம். வழவழப்பான பக்கம் விளக்கைப் பார்த்து இருந்தால் ஈரத்துணியால் ஒரு துடைப்பில் போய்விடும். எந்தப் பக்கம் செதுக்கப் போகிறீர்கள் என்பதை ஆர்டர் எடுக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எழுத்து இருந்தால் அது இடவலம் மாறிவிடாமல் பார்க்கவும் அது உதவும். கேட்காமலேயே இதை நீங்கள் எடுத்துச் சொன்னால், அந்த அம்மா உங்களைப் பற்றிப் பத்துப் பேரிடம் சொல்வார். இதை நான் பல தொழில்களில் பார்த்திருக்கிறேன். பொருளின் அழகைவிட, பயன்படுத்துகிறவரின் தொல்லையைப் புரிந்துகொண்ட பேச்சுதான் வாய்வழியாகப் பரவுகிறது.

ஆர்டரை முடிப்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி, படத்தை உண்மையான அளவில் காகிதத்தில் அச்சடித்து, ஆசாரி செய்து வைத்திருக்கும் கதவுச் சட்டத்தில் ஒட்டிக் காட்டுவது. பிளெக்ஸ் கடையில் சில நூறு ரூபாய் ஆகும். போனில் பார்த்து நன்றாக இருக்கிறது என்றவர்கள் கதவில் ஒட்டியதும், முகம் கொஞ்சம் மேலே வரட்டும், ஓரத்தில் கோலம் வேண்டாம் என்று சரியாகச் சொல்வார்கள். செதுக்கிய பிறகு சொல்வதைவிட இப்போது சொல்வது இருவருக்கும் நல்லது. அதோடு, கதவில் ஒட்டிப் பார்த்துவிட்டவர்கள் வேறு கடைக்குப் போவது அபூர்வம். புதிதாக வரையும் வேலைக்கு ஒரு வரைகூலி வாங்கிக்கொண்டு, ஆர்டர் உறுதியானதும் பில்லில் கழித்துவிடுங்கள். பாதிப் பணம் முன்பணம், மீதி மாட்டும் முன். வேறு யாருக்கும் விற்க முடியாத பொருளை முன்பணம் இல்லாமல் தொடவே கூடாது.

நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் புதுமனை புகுவிழா வைக்க மாட்டார்கள், புரட்டாசியையும் பலர் தவிர்ப்பார்கள். அதனால் ஆடியில் வியாபாரம் இல்லை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள், ஆவணியில் வீடு புகுகிறவர்கள் ஆனியிலும் ஆடியிலும் என்ன செய்துகொண்டிருப்பார்கள்? தை முகூர்த்தத்துக்கு நாள் குறித்தவர்கள் கார்த்திகையிலும் மார்கழியிலும்? பெயின்டர் உள்ளே இருப்பார், ஆசாரி கதவு இழைத்துக்கொண்டிருப்பார். உங்கள் பொருள் முடிவாகும் நேரமே அதுதான். துணிக்கடைக்கு ஆடி மந்தம் என்றால் உங்களுக்கும் மந்தம் என்று இல்லை. மாதிரிப் பெட்டிகள் ஆனி பிறப்பதற்குள்ளும் ஐப்பசி முடிவதற்குள்ளும் ஆசாரிகள் கையில் இருக்க வேண்டும். விளம்பரத்துக்கு ஒதுக்கும் பணமும் அந்த இரண்டு காலத்தில் மட்டும் போகட்டும்.

அந்த 18,000 ரூபாய் ஏன் ஆர்டராக மாறவில்லை என்பதும் இதில் அடங்கிவிடுகிறது. ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தேன். தமிழ்நாடு முழுக்கப் பதினெட்டு வயதிலிருந்து எல்லாருக்கும் காட்டியிருக்கிறீர்கள். தூத்துக்குடியில் இருக்கும் கல்லூரி மாணவர் லைக் போட்டால் கதவு விற்காது. இனிமேல் விளம்பரம் கொடுத்தால் திண்டுக்கல்லைச் சுற்றிய வட்டத்துக்குள் மட்டும், வயது முப்பதுக்கு மேல், தட்டினால் நேராக வாட்ஸ்அப் திறக்கும்படி கொடுங்கள். வீடியோவில் உங்கள் முகம் பேச வேண்டும் என்றில்லை. ஊதி முடித்தபின் ஸ்டிக்கரை மெதுவாக உரிக்கும்போது படம் வெளிவருகிறதே, அந்த அரை நிமிடம் போதும். யாராக இருந்தாலும் நின்று பார்ப்பார்கள்.

ஆனால் போட்டோவை மாற்றியே ஆக வேண்டும். நீங்கள் அனுப்பியவற்றில் பாதியில் கண்ணாடிக்குள் தெரிவது தெருவும் உங்கள் சட்டையும்தான். செதுக்கிய கண்ணாடியை வெள்ளைச் சுவர் முன்னால் வைத்தால் படம் மறைந்துவிடும். பின்னால் ஓர் அடி தள்ளிக் கறுப்புத் துணி தொங்கவிடுங்கள். விளக்கை எதிரில் வைக்காமல் பக்கவாட்டிலோ கண்ணாடியின் ஓரத்தை ஒட்டியோ வையுங்கள். ஓரத்தில் எல்இடி பட்டி வைத்தால் செதுக்கிய இடம் மட்டும் வெளிச்சத்தைச் சிதறடித்து ஒளிரும், மற்ற இடம் கறுப்பாகவே இருக்கும். நீங்களும் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, நேர் எதிரில் நிற்காமல் கொஞ்சம் சாய்வாக நின்று எடுங்கள். வண்ணக் கண்ணாடி வேலைக்கு இது நேர்மாறு. அதற்குப் பின்னாலிருந்து பகல் வெளிச்சம் வர வேண்டும், ஜன்னலில் வெள்ளைத் துணி கட்டி அதன் முன்னால் வைத்து எடுங்கள்.

இந்தப் போட்டோக்கள் முதலில் போக வேண்டிய இடம் கூகுள் மேப்பில் உங்கள் கடைப் பக்கம். அது இலவசம், நீங்கள் இன்னும் தொடங்கவே இல்லை. பூஜை அறைக் கதவு டிசைன் என்று தேடுகிறவர் வீடு கட்டிக்கொண்டிருப்பவர். இன்ஸ்டாகிராமில் பொழுதுபோக்காகப் பார்ப்பவரைவிட அவர் ஒருவர் மேல். வீடு புகுந்த மறுவாரம் போன் செய்து கண்ணாடி எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு, இரண்டு வரி கருத்து எழுதச் சொல்லிக் கேளுங்கள். கருத்துக்குப் பதிலாகப் பரிசோ தள்ளுபடியோ கொடுக்காதீர்கள், கூகுள் விதியில் அது தடை. வாட்ஸ்அப் பிசினஸில் படங்களை எண் போட்டு வரிசையாக வைத்துவிட்டால், "அந்த லட்சுமி படம் இருக்கே" என்று ஆரம்பிக்கும் பேச்செல்லாம் "17ஆம் நம்பர்" என்று சுருங்கிவிடும். இதில் இதற்கு மேல் தலையைக் கொடுக்க வேண்டாம்.

புகுவிழா அன்று சொந்தபந்தம், அக்கம்பக்கம் எல்லாம் அந்தக் கதவின் முன்னால் நின்று கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அவர்களில் சிலர் அடுத்து வீடு கட்டப்போகிறவர்கள். வீட்டுக்காரர் சம்மதித்தால் கதவின் கீழ் ஓரத்தில் பட்டறைப் பெயரை அரை அங்குல எழுத்தில் செதுக்குங்கள். போன் நம்பர் வேண்டாம், சாமி கதவில் அது நன்றாக இருக்காது. அதற்குப் பதில் மிச்சத் துண்டில் அந்த வீட்டின் பெயரைச் செதுக்கிச் சின்ன விளக்குப் பலகையாகப் பரிசு கொடுங்கள். ஹாலில் அது எரிந்துகொண்டிருந்தால் யார் செய்தது என்று யாராவது கேட்காமல் இருக்க மாட்டார்கள்.

ஆன்லைனில் பரிசுப் பொருள் விற்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். ஐந்து மில்லிமீட்டர் கண்ணாடி ஒரு சதுர அடிக்கு ஒரு கிலோவுக்கு மேல் எடை. உடையாமல் கட்ட ஆகும் செலவு, கூரியர், உடைந்தால் திருப்பி அனுப்புவது, தளத்துக்குக் கொடுக்கும் பங்கு எல்லாம் போக 500 ரூபாய்ப் பொருளில் கையில் நிற்பது சொற்பம். கை ஓய்வாக இருக்கும் நாட்களில் உள்ளூர்ப் பள்ளிகளின் ஆண்டு விழா, சங்கங்களின் பாராட்டு விழா இவற்றுக்கு நினைவுப் பரிசு செய்து கொடுங்கள். ஒரே படம், பெயர் மட்டும் மாறும், நீங்களே வண்டியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம்.

பிரிண்டிங் மெஷினும் வேண்டாம். அதன் விலை பல லட்சம். வாங்கிய அன்றிலிருந்து மாதத் தவணைக்காக யார் எந்த விலைக்குக் கேட்டாலும் அச்சடிக்க வேண்டியதாகிவிடும். நீங்கள் போட்டியிட முடியாத இடத்தில் போய் நிற்பீர்கள். வண்ணப் படம்தான் வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்பவருக்கு, மெஷின் வைத்திருப்பவரிடம் கூலிக்கு அடித்து வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

மாறாக, நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன அந்த ஈயப் பட்டி வேலையை நான் பெரிதாக நினைக்கிறேன். அதைச் செய்யத் தெரிந்தவர்கள் குறைவு. புதுச்சேரி திரு இருதய ஆண்டவர் பசிலிக்காவில் இருபத்தெட்டுப் புனிதர்களின் உருவங்கள் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களில் இருக்கின்றன. அந்த அளவில் இல்லாவிட்டாலும், உங்கள் மாவட்டத்தின் பழைய தேவாலயங்களில் எத்தனையோ வண்ணக் கண்ணாடிகள் இருக்கும். ஈயம் நூறு வருடத்துக்குள் தளர்ந்து கண்ணாடி வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும். உடைந்த இடத்தில் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டி வைத்திருப்பார்கள், செய்ய ஆள் கிடைக்காததால். காரைக்குடி பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளிலும் கதவுக்கு மேலுள்ள வளைவுகளில் வண்ணக் கண்ணாடி உண்டு. அவற்றில் சில இப்போது விடுதிகளாகிவிட்டன, அவர்களுக்குப் பழையது பழையபடியே இருக்க வேண்டும். பங்குத் தந்தையரிடம் ஊர்த் திருவிழாவுக்கு மூன்று மாதம் முன்பு போய்ப் பேசுங்கள். பழுது பார்ப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த போட்டோ இரண்டு கையில் இருந்தால் அடுத்த ஊருக்கு அதுவே கடிதம். இதில் அவசரம் வேண்டாம், வருடத்துக்கு இரண்டு மூன்று வேலை கிடைத்தாலே நல்ல தொடக்கம்.

74,000 ரூபாய் பாக்கிக்கு வருகிறேன். சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு செய்திருக்கிறீர்களா என்று எழுதவில்லை. இல்லையென்றால் இன்றே அரசு இணையதளத்தில் செய்யுங்கள். முழுக்க இலவசம், பணம் கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளம் இல்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதக் கூட்டு வட்டி. 2023-24 நிதியாண்டிலிருந்து இன்னொரு பிடியும் இருக்கிறது. இந்தக் கெடுவைத் தாண்டிய பாக்கியை, உண்மையில் கொடுக்கும் வரை வாங்கியவர் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. வேலை கொடுத்த தேதிக்கு முன்பே உங்கள் பதிவு இருந்தால் உங்கள் தரப்பு பலமாக இருக்கும். அந்த டிசைனருக்குச் சண்டையாக இல்லாமல் பில் நம்பர், தேதி, தொகை போட்டு ஒரு கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் புகார் பதியும் வழியைச் சொல்வார்கள். அவரிடம் புது வேலை எடுத்தால் முன்பணம் இல்லாமல் எடுக்காதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பட்டறைப் போட்டோ ஒன்றில் கம்ப்ரசருக்குப் பக்கத்தில் சலித்த மணல் மூட்டை தெரிகிறது. உங்கள் உதவியாளர் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு நிற்கிறார். மணலை ஊதும்போது வரும் சிலிக்கா தூசி நுரையீரலில் போய் உட்கார்ந்தால் திரும்பி வராது. சிலிகோசிஸ் நோய்க்குக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. கைக்குட்டை அந்தத் தூசியைத் தடுக்காது. செலவுத் தாளில் பவுடர் என்று எழுதியிருப்பது அலுமினியம் ஆக்சைடாக இருந்தால் அதை மட்டுமே பயன்படுத்துங்கள், மணலை நிறுத்திவிடுங்கள். மூடிய கேபினுக்குள் வைத்து ஊதுங்கள், தூசியை இழுத்து வெளியேற்றும் விசிறி போடுங்கள், இருவருக்கும் வடிகட்டி வைத்த முறையான முகமூடி வாங்குங்கள். புது விலையில் விற்கும் முதல் சில கதவுகளின் லாபம் இதற்கே போகட்டும்.